இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை, எம்.ஆர்.ஐ-யில் டிஸ்க் என்கிறார்கள், முதுகு வலியோ துளியும் இல்லை

கரூர்த் தம்பி:

வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 44. டைல்ஸ் பதிக்கும் வேலை. சர்க்கரை, பிரஷர் எதுவும் சொன்னதில்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், திறப்பு விழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்று ராப்பகலாக வேலை. கடைசி நாள் முழுக்கக் குந்தியபடியே ஜாயின்ட் பூசியிருக்கிறார். எழுந்தபோது இடது கால் மரத்திருந்ததாம். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டார்.

காலையில் பைக்கை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் கியரைக் கீழே மிதிக்க முடிகிறது. அடுத்த கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும் அல்லவா, அதற்குப் பாதம் எழவில்லை. நடந்தால் இடது பாதம் ‘டப் டப்’ என்று தரையில் அடிக்கிறது. தடுக்கி விழாமல் இருக்க முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். ரப்பர் செருப்பு நிற்பதில்லை. பாதத்தின் மேல்புறம் மதமதவென்று இருக்கிறது. வலி என்று எதுவும் இல்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். எல்4–எல்5-ல், அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில், டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரைத் தொடுகிறது என்று ரிப்போர்ட். டாக்டர் படத்தைத்தான் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கால் நிரந்தரமாக இப்படியே நின்றுவிடும் என்கிறார். அண்ணி நகையை எடுத்து வைத்துவிட்டார். முதுகில் துளி வலி இல்லாத ஆளுக்கு முதுகில் ஆபரேஷனா என்பதுதான் என் கேள்வி.

மலைக்கோட்டை வாசி:

எங்கள் மாமாவுக்கும் அச்சு அசல் இதேதான். கத்தி வைக்க வேண்டாம் என்று வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவினோம். ஒன்றரை மாதத்தில் நடந்துவிட்டார். பயப்படாதீர்கள்.

இயன்முறைக்காரி:

மாமா நடந்ததில் சந்தோஷம். எண்ணெய் நடக்க வைத்ததா, ஒன்றரை மாதம் நடக்க வைத்ததா என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதுவரை ஒன்று மட்டும்: முழங்காலின் வெளிப்பக்கத்தை யாரும் அழுத்தி நீவ விடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றில் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் வேலை. தொங்கும் பாதம் எங்களுக்குத் தினசரிச் சரக்கு. இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் சரியான கேள்வியோடு போவதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இதைக் கேளுங்கள். சிறுநீர் கழிக்கச் சிரமமா? சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்திருக்கிறதா? இரண்டு காலும் பலமிழந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்த இழையை மூடிவிட்டு இன்றிரவே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அதே பக்கத்துக் கை, முகம், பேச்சு எதிலாவது கோளாறு என்றால் 108.

இல்லை என்றால் மேலே படியுங்கள்.

பாதத்தை மேலே தூக்கும் தசை பாதத்தில் இல்லை. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக இருக்கிறது. அதற்கு வரும் கட்டளை நெடுந்தூரம் பயணம் செய்கிறது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உள்சுவரில், உச்சிக்குப் பக்கத்தில் காலுக்கான இடம் இருக்கிறது. அங்கிருந்து தண்டுவடம். இடுப்பில் முக்கியமாக எல்5 என்ற நரம்பு வேர். பிறகு பிட்டத்தின் வழியாக சயாட்டிக் நரம்பு. முழங்காலுக்குச் சற்று மேலே அது இரண்டாகிறது. டிபியல் என்ற கிளை நேராகக் கெண்டைச் சதைக்குள் இறங்கிப் பத்திரமாக ஆழத்தில் ஓடுகிறது. பெரோனியல் என்ற கிளைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அண்ணனை நாற்காலியில் உட்கார வையுங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அது ஃபிபுலா என்ற வெளிப்பக்கக் கால் எலும்பின் தலை. அதற்கு ஒரு விரற்கடை கீழே, பின்னாலிருந்து முன்னால் விரலை மெதுவாக உருட்டினால் ஏதோ ஒன்று நழுவும். அதுதான் பெரோனியல் நரம்பு. அந்த இடத்தில் அதற்கு மேலே தோல், கீழே எலும்பு, அவ்வளவுதான். சதை மெத்தை கிடையாது. எலும்பைச் சுற்றி வந்த கையோடு ஒரு தசை நாணின் வளைவுக்கு அடியிலும் நுழைய வேண்டும். முழங்காலை முழுக்க மடக்கிக் குந்தினால் நரம்பு அங்கே இழுபட்டு நசுங்கும். பத்து நிமிடம் என்றால் மரத்துவிட்டுச் சரியாகும். நாள் முழுக்க என்றால்?

இதே இடத்தில் அடிபட்டு எங்களிடம் வருகிறவர்கள் பலவிதம். இறுக்கமாக மாவுக்கட்டுப் போட்டவர், ஐ.சி.யூ-வில் கால் வெளிப்பக்கம் சாய்ந்தபடியே நினைவில்லாமல் கிடந்தவர், அவசரமாக உடம்பை இளைத்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காருகிறவர், குந்தியே களை எடுக்கிறவர். டைல்ஸ்காரர்களும் உண்டு.

சரி, முதுகா முட்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மரப்பை வைத்துச் சொல்ல முடியாது. எல்5 வேர் கெட்டாலும் பாதத்தின் மேல்புறம் மரக்கும், பெரோனியல் கெட்டாலும் அதே இடம்தான் மரக்கும். பாதத்தைத் தூக்குவதும் இரண்டிலும் போகும். குதிகால் நாணைத் தட்டிப் பார்க்கும் அனிச்சையும் உதவாது. அது எல்5-க்கு அடுத்த எஸ்1 வேரின் வேலை, இரண்டிலும் நன்றாகவே இருக்கும்.

பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்வதுதான் துப்பு. மற்றப் பாதத்தைப் பார்ப்பதுபோல உள்ளங்காலைத் திருப்ப வேண்டும். அதைச் செய்யும் முக்கியத் தசையான டிபியாலிஸ் போஸ்டீரியருக்கும் எல்5 வேரிலிருந்துதான் கட்டளை போகிறது. ஆனால் அது போகும் வழி டிபியல் நரம்பு. முட்டியின் வெளிப்பக்கத்துக்கே அது வருவதில்லை. ஆகவே வேர் கெட்டால் இதுவும் பலமிழக்கும். முட்டியருகே கெட்டால் இது தப்பிக்கும். பாதம் தொங்கும் நிலையிலேயே பார்த்தால் நல்ல தசைகூடச் சோப்ளாங்கியாகத் தெரியும். உங்கள் கையால் பாதத்தை 90 டிகிரிக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “இப்போது உள்ளே திருப்பு, நான் தள்ளுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று இடுப்பு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலை நேராகத் தூக்கச் சொல்லி நீங்கள் அழுத்துங்கள். பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் அந்தத் தசைக்கும் எல்5 பங்கு உண்டு. அதற்கான நரம்பு இடுப்புக்குள்ளேயே பிரிந்துவிடுகிறது. அது பலவீனம் என்றால் முட்டியைக் குற்றம் சொல்ல வழியில்லை.

எம்.ஆர்.ஐ பற்றி ஒரு வார்த்தை. முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1994-ல் வந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. நாற்பது தாண்டிய டைல்ஸ்காரருக்கு இடுப்பில் ஒரு பிதுக்கம்கூட இல்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியம். படத்தில் இருக்கும் கோளாறும் காலில் இருக்கும் கோளாறும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காலைத் தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

அதற்காக டிஸ்க்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். பிட்டத்திலிருந்து காலுக்கு மின்னல் மாதிரி இறங்கும் வலி, இருமினால் அதிகமாகும் வலி, உள்திருப்பமும் இடுப்பும் சேர்ந்து பலவீனம், படத்தில் ஜவ்வு உடைந்து வெளியே வந்து எல்5-ஐ நசுக்குவது தெளிவாகத் தெரிவது — இப்படி இருந்தால் ஆபரேஷன் சொல்லும் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார். அங்கே தாமதம் நல்லதல்ல.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கரூர்த் தம்பி:

ரொம்ப நன்றிங்க அக்கா. சிறுநீர், சீட் இடம், மற்றக் கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி பாதத்தைத் தாங்கிப் பிடித்து உள்பக்கம் திருப்பச் சொன்னேன். இரண்டு கையாலும் தள்ளியும் என்னால் அசைக்க முடியவில்லை. வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் அறவே வரவில்லை. கட்டைவிரலைத் தூக்கவும் வரவில்லை. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கினார், அதில் வலது இடது வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. முண்டுக்குக் கீழே லேசாகத் தட்டினேன், “டேய், ஷாக் அடிக்குது” என்று காலை இழுத்துக்கொண்டார். உள்ளங்காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கிள்ளினால் தெரியவில்லை.

அண்ணி ஒரு தகவல் சொல்கிறார்: கொஞ்ச காலமாகவே அண்ணனுக்குப் பேன்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

இயன்முறைக்காரி:

உண்டு. முண்டைச் சுற்றியிருந்த கொஞ்சநஞ்சக் கொழுப்பும் கரைந்தால் நரம்பு இன்னும் அநாதையாகிவிடும். ஆனால் காரணமில்லாமல் இளைப்பதைத் தனியாகவும் பார்க்க வேண்டும். ‘சர்க்கரை சொன்னதில்லை’ என்பதும் ‘சர்க்கரை இல்லை’ என்பதும் வேறு வேறு. வெறும் வயிற்றில் ஒரு முறை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி ஒரு முறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு சின்ன அழுத்தத்துக்கே படுத்துவிடும்.

நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் முட்டியைத்தான் காட்டுகிறது. நரம்பு அந்த முண்டைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். ஆழமான கிளை பாதத்தையும் விரல்களையும் தூக்கும். அதற்கென்று இருக்கும் தோல் முதல் இரண்டு விரல்களுக்கு இடையிலுள்ள சின்ன இடம் மட்டும்தான். மேலோட்டமான கிளை பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும். பாதத்தின் மேல்புற உணர்ச்சியில் பெரும்பகுதி அதனுடையது. இரண்டு கிளையின் வேலையும் போயிருக்கிறது என்றால், பிரிவதற்கு முன்பே அடி விழுந்திருக்கிறது. உள்ளங்கால் டிபியல் நரம்பின் ராஜ்யம், அது நன்றாக இருக்கிறது.

இனி நரம்பியல் டாக்டரிடம் போய் நரம்புக் கடத்தல் சோதனை கேளுங்கள், என்.சி.எஸ் என்பார்கள். முண்டுக்குக் கீழே ஒரு முறையும் மேலே ஒரு முறையும் சின்ன ஷாக் கொடுத்துத் தசையில் எழும் அலையை அளப்பார்கள். கீழே கொடுத்தால் நல்ல அலை, மேலே கொடுத்தால் சிறுத்த அலை என்றால் இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. தசைக்குள் ஊசி செலுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஈ.எம்.ஜி என்பார்கள். அடிபட்ட முதல் சில நாட்களில் அந்த ஊசிச் சோதனை அவ்வளவாகப் பேசாது. நரம்பிழை உள்ளே அறுந்திருக்கிறதா என்று தசை காட்டிக்கொடுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் இப்போது போவது சரியான நேரம்தான்.

மூன்றாம் ஆண்டு:

எம்.பி.பி.எஸ் மாணவன். ஒரு சந்தேகம் மேடம். பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியரும் உள்பக்கம் திருப்பும் தசைதானே? பெரோனியல் போனால் அதுவும் போகும். அப்படியானால் உள்திருப்பம் குறையத்தானே வேண்டும்?

அப்புறம், ஈ.எம்.ஜி-யில் தொடையின் பின்புறத் தசையான பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலையைப் பார்க்கச் சொல்லி எங்கள் சார் வற்புறுத்துவார். அதை ஏன் சொல்லவில்லை?

இயன்முறைக்காரி:

நல்ல கேள்வி. கொஞ்சம் குறையத்தான் செய்யும். அடுத்த முறை வார்டில் பார்க்கும்போது உட்கணுக்காலுக்குப் பின்னால் உங்கள் விரலை வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி உள்ளே திருப்பும்போது அங்கே ஒரு நாண் திண்ணென்று எழும். அது டிபியாலிஸ் போஸ்டீரியருடையது. தள்ளும் பலத்தை மட்டும் நம்பாமல் நாணையும் தொட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

உங்கள் சார் சொல்வதும் சரி. தொடையில் பெரோனியல் பங்கிலிருந்து கட்டளை வாங்கும் ஒரே தசை அந்தக் குட்டைத் தலை. அதுவும் கெட்டிருந்தால் அடி முட்டியில் இல்லை, தொடையிலோ பிட்டத்திலோ என்று அர்த்தம். ஊசிச் சோதனை செய்கிறவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் விட்டேன். இதற்கு நம் ஊரில் ஒரு காரணம் அடிக்கடி வரும்: பிட்டத்தில் தப்பான இடத்தில் போட்ட ஊசி. சயாட்டிக் நரம்புக்குள் இரண்டு பங்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே அடிபட்டால் பெரும்பாலும் பெரோனியல் பங்குதான் அதிகம் மாட்டுகிறது. பிட்டத்தின் மேல் வெளிக் கால்பகுதியில்தான் ஊசி என்று நர்சிங் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வேலூர்க்காரர்:

தொழுநோய்க் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் சொல்லாததால் சொல்கிறேன். குந்தி வேலை செய்த கதை கையில் இருக்கிறது என்பதற்காக அதோடு நிறுத்த வேண்டாம். அந்த முண்டின் கீழே நரம்பை உருட்டிப் பார்க்கும்போது மற்றக் காலோடு ஒப்பிடுங்கள். இந்தப் பக்கம் தடித்து, தொட்டால் வலித்தால், உடம்பில் உணர்ச்சி மங்கிய வெளிறிய தேமல் எங்காவது இருக்கிறதா என்று முதுகு, பிட்டம் உட்படத் தேடுங்கள். முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்னர் நரம்பையும் தொட்டுப் பாருங்கள். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும், அதனால் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளில் போய் உட்காரும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பலவீனம் வந்து ஆறு மாதத்துக்குள் பிடித்தால் ஸ்டீராய்டு கொடுத்து நரம்பைக் காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு.

மாணவத் தம்பிக்கு ஒரு செய்தி. டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயில் செயலிழந்த கைகால்களைத் தசைநாண் மாற்றி மீட்டெடுக்கும் அறுவை சிகிச்சை அங்கேதான் வளர்ந்தது. தொங்கும் பாதத்துக்குச் செய்வது இந்த அம்மா சொன்ன அதே டிபியாலிஸ் போஸ்டீரியரை வைத்துத்தான். அதன் நாணை அறுத்து, காலின் முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தின் மேல் தைப்பார்கள். உள்ளே திருப்பிக்கொண்டிருந்த தசை மேலே தூக்கக் கற்றுக்கொள்ளும். தொழுநோய் டிபியல் நரம்பையும் விடாதே, பிறகு அந்தத் தசை எப்படி மிஞ்சுகிறது என்று கேட்பீர்கள். டிபியலை அது பிடிப்பது கணுக்காலருகே. இந்தத் தசைக்கான கிளை அதற்கு வெகு மேலேயே பிரிந்துவிடுகிறது. அப்படி ஆபரேஷன் ஆனவர்கள் கட்டுப் பிரித்தபின் முதன்முதலாகப் பாதத்தைத் தூக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்!

இயன்முறைக்காரி:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தம்பி, இன்றே பாருங்கள்.

கரூர்த் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. தேமல் எதுவும் இல்லை. இரண்டு பக்க நரம்பும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று நரம்பியல் டாக்டரும் பார்த்துச் சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார். என்.சி.எஸ்-ல் முண்டுக்குக் கீழே அலை நன்றாக வருகிறது, மேலே கொடுத்தால் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஊசிச் சோதனையில் கொஞ்சம் இழை சேதம் தெரிகிறதாம், பெரும்பகுதி நரம்பின் உறைக்குத்தான் சேதம் என்றார். முதுகுக்கு ஆபரேஷன் தேவையில்லை, மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார். அண்ணி நகையைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டார்.

இப்போது கேள்வி: அதுவரை என்ன செய்வது? பிளாஸ்டிக் தாங்கி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலைக்குப் போகலாமா? கரண்ட் வைத்தால் சீக்கிரம் வருமா?

இயன்முறைக்காரி:

நல்ல செய்தி. மலைக்கோட்டைக்காரருக்குத் தர வேண்டிய பதிலும் இதிலேயே இருக்கிறது. நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. உறை மட்டும் நசுங்கினால் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தானாகச் சரியாகும். எண்ணெய் போட்டாலும் ஆகும், போடாவிட்டாலும் ஆகும். உள்ளிழை அறுந்த பங்கு முட்டியிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். பாதத்தைத் தூக்கும் தசை பக்கத்தில் இருப்பதால் மூன்று நான்கு மாதத்தில் அங்கே எட்டிப் பார்க்கும். பாதத்தின் மேலே இருக்கும் குட்டி விரல்தசைக்குப் போய்ச் சேர ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆகவே பாதம் தூக்க வந்து விரல் வராமல் இருந்தால் பதற வேண்டாம்.

தாங்கி கட்டாயம் போடட்டும். ஆனால் அதன் மேல் விளிம்பும் பட்டையும் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். நேராக அந்த முண்டின் கீழே அழுத்தினால் நோய் தந்த இடத்திலேயே மறுபடி மிதிப்பதாகிவிடும். எங்களிடம் வருபவற்றில் பாதித் தாங்கியை நான் முதலில் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான். பட்டை முண்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். உள்ளே பருத்திக் காலுறை போடட்டும். ரப்பர் செருப்புக்கு விடை கொடுத்துவிட்டு, குதிகாலில் பட்டை உள்ள செருப்போ ஷூவோ வாங்குங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பிரிவில் கேட்டால் காலுக்கு அளவெடுத்தே செய்து தருவார்கள், கடையில் வாங்குவதைவிட அது மேல்.

கெண்டைச் சதை இறுகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மூன்று மாதத்தில் உண்மையான வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, தன் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடிக்கட்டும். காலையும் மாலையும் ஐந்தாறு தடவை. இதை விட்டுவிட்டால், நரம்பு திரும்பி வந்தாலும் குதிகால் நாண் சுருங்கிப் பாதத்தை எழ விடாது. கரண்ட் கேட்டீர்கள். வைப்பதால் கெடுதல் இல்லை. நரம்பு அதனால் வேகமாக வளரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பேருந்துக்குச் செலவழித்துத் தினமும் வர வேண்டாம்.

வேலை: குந்துவது கூடாது, சம்மணமும் கூடாது, கால்மேல் காலும் கூடாது. சுவர் டைல்ஸ் நின்றபடி செய்யலாம். தரை வேலை என்றால் உயரம் குறைந்த பலகை போட்டு உட்கார்ந்து, இடது காலை நீட்டிக்கொள்ளட்டும். முட்டிக்கு உறை மாட்டுகிறவர் என்றால் அதன் பின்பட்டை எங்கே இறுக்குகிறது என்று பாருங்கள். பைக் இப்போதைக்கு வேண்டாம், கியர் இல்லாத ஸ்கூட்டர் போதும். இடது காலைத் தரையில் ஊன்றும்போது மட்டும் கவனம்.

மூன்று மாதத்தில் அசைவே தெரியாவிட்டாலோ, நடுவில் மோசமானாலோ, முட்டியருகே அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து மூட்டிலிருந்து நீர்க்கட்டி நரம்புக்குள்ளேயே ஊர்ந்து உட்கார்ந்திருப்பது உண்டு. அப்போது ஆபரேஷன் தேவைப்படலாம், முட்டியில்.